ரோட்டாப்ளேட்டர் டிரா டெஸ்ட்: "ஓகே" என்று டிக் அடிக்கும் முன் எதை எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி | ஸ்க்ரப்மேசை

வணக்கம். ரொட்டேஷனல் அதெரெக்டமி (இதயத் தமனியின் சுண்ணாம்பு அடைப்பை வைரத் துகள் பதித்த சுழலும் தலையால் தேய்த்தெடுக்கும் சிகிச்சை, ரோட்டாப்ளேட்டர் அதற்கான கருவி) கேஸ்களில் ஸ்க்ரப் செய்பவர்களுக்காக, அதாவது மேசையில் கருவியைத் தயார் செய்து தருபவர்களுக்காக, ஒரு செக்லிஸ்ட் எழுத வேண்டியிருக்கிறது. இப்போது கையில் இருக்கும் தாளில் "டிரா டெஸ்ட் – ஓகே" என்று ஒற்றை வரிதான் உள்ளது. கருவியை உள்ளே அனுப்பும் முன் சோதிக்கும் நான்கில் டி டிரிப் (சலைன் சொட்டு), ஆர் ரொட்டேஷன் (சுழற்சி), ஏ அட்வான்சர் (தலையை முன்னும் பின்னும் நகர்த்தும் கைப்பிடி), டபிள்யூ வயர் (கருவி ஏறிச் செல்லும் கம்பி) என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொன்றிலும் எது நடந்தால் பாஸ், எது நடந்தால் ஃபெயில் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது.

முக்கியமாக இவை தெரிய வேண்டும்:

வெளியே சுழற்றிப் பார்க்கும்போது எத்தனை நொடி, எந்த வேகம்?

வயரின் முனை ஏற்கெனவே கரோனரிக்குள் (இதயத் தமனிக்குள்) இருக்கும்போது, வயரைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கை எப்படிச் சோதிப்பது? இழுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இழுத்தால் வயர் இடம் மாறிவிடாதா?

பர் (அந்த வைரத் தலை) சுழலும் சத்தம் கேட்கிறது, ஆனால் திரையில் வேகம் பூஜ்யம். இது ஃபெயிலா?

1.25-இலிருந்து 1.5 மி.மீ. பருக்கு மாறினால் நான்கையும் மறுபடி செய்ய வேண்டுமா, இல்லை சுழற்சியை மட்டும் பார்த்தால் போதுமா?

கால் பெடல் உள்ள பழைய கன்சோலை (கருவியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) மனதில் வைத்துக் கேட்கிறேன். புதிய மாடலில் ஏதாவது மாறினால் அதையும் சொல்லுங்கள்.

---

பதில் | டர்பைன்

நான்கு எழுத்துக்கும் முன்னால் இரண்டு வேலை முடிந்திருக்க வேண்டும். ஒன்று காஸ் (பரைச் சுழற்றும் வாயு), இன்னொன்று சலைன். இவை சரியில்லாமல் டிரா டெஸ்ட்டில் பாஸ் ஆனாலும் அந்த பாஸுக்கு மதிப்பு இல்லை.

காஸ்: அழுத்தப்பட்ட நைட்ரஜன், அல்லது எண்ணெயும் ஈரமும் கலக்காத சுத்தமான காற்று. ஆக்சிஜன் சிலிண்டரை எந்த அவசரத்திலும் மாட்டக் கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ரெகுலேட்டரில் இருக்கும் இரண்டு கேஜையும் தனித்தனியாகப் படியுங்கள். சிலிண்டர் பக்கம் குறைந்தது 500 பி.எஸ்.ஐ., கன்சோலுக்குப் போகும் பக்கம் 90 முதல் 110 பி.எஸ்.ஐ. வெளிப்பக்க அழுத்தம் குறைவாகத் திருகப்பட்டிருந்தால் பர் வேகமே எடுக்காது. அது டெஸ்ட்டிலேயே தெரிந்துவிடும். சிலிண்டர் காலியாகிக்கொண்டிருப்பது அப்படித் தெரியாது. மேசையில் அழகாகச் சுழலும், மூன்றாவது ரன்னில் (உள்ளே ஒருமுறை தொடர்ந்து சுழற்றுவது ஒரு ரன்) பர் கால்சியத்துக்குள் இருக்கும்போது வேகம் சரியும். எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை. மாற்று சிலிண்டர் அறைக்குள்ளேயே இருக்கட்டும், அதைத் திறக்கும் சாவியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சலைன்: பல இடங்களில் 1 லிட்டர் நார்மல் சலைனில் ஹெப்பாரின், நைட்ரோகிளிசரின், வெரபமில் கலக்கிறார்கள். ஹெப்பாரின் 5,000 முதல் 10,000 யூனிட், மற்ற இரண்டும் 5 மி.கி. அளவில் போடுவது பரவலான வழக்கம். அளவை உங்கள் நெறிமுறைப்படியே எழுதுங்கள், ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்களுக்கு மருத்துவர் மாற்றச் சொல்வார். ரோட்டாகிளைட் (வழுக்கல் திரவம்) சேர்ப்பதாக இருந்தால் லிட்டருக்கு 20 மி.லி. அதில் முட்டை மஞ்சள் கருவின் பாஸ்போலிப்பிடும் ஆலிவ் எண்ணெயும் இருக்கின்றன. முட்டை ஒவ்வாமை உண்டா என்ற கேள்வி செக்லிஸ்ட்டில் தனி வரியாக வர வேண்டும். பையின் மேல் என்னென்ன கலந்தது என்று லேபிள் ஒட்டுங்கள். இந்தப் பையும் மேனிஃபோல்டுக்குப் (குழாய்கள் சேரும் வால்வுத் தொகுதி) போகும் சாதாரண ஃப்ளஷ் பையும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

பிரஷர் பேக்கை 200–300 மி.மீ. பாதரச அளவுக்கு ஏற்றுங்கள். நோயாளியின் தமனி அழுத்தத்தை விடத் தெளிவாக மேலே இருந்தால்தான் சலைன் உள்ளே போகும். பை காலியாக ஆக அழுத்தம் தானாகக் குறையும், ஆகவே ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது.

இனி டிரா.

டிரிப். சலைன் அட்வான்சரின் பக்கவாட்டு போர்ட்டில் நுழைந்து, ஷீத்துக்கும் (வெளியுறை) சுழலும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் (பரைச் சுழற்றும் தண்டு) நடுவில் ஓடி, பருக்குப் பின்னால் ஷீத் முடியும் இடத்தில் வெளியே வர வேண்டும். வழுக்கலும் அதுதான், குளிர்ச்சியும் அதுதான். சலைன் இல்லாமல் சுழற்றினால் ஷாஃப்ட் உரசிச் சூடேறும், கருவி கெடும், உள்ளே இருந்தால் தமனிச் சுவரும் அடிபடும். அதனால் சொட்டைக் கண்ணால் பார்க்கும் வரை பெடலில் கால் வைக்கவே கூடாது. ஷீத் முனையைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஈரமான துணியின் மேல் கிடக்கும் முனையைப் பார்த்து "வருகிறது" என்று சொல்வது பெரும் தவறு.

இதே நேரத்தில் குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்றும் பாருங்கள். டிரிப் என்றால் ஓட்டத்தை மட்டும் பார்ப்பதாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வழியில் போவது நேராகக் கரோனரிக்குள் போகிறது. குமிழி முழுதும் வெளியேறிய பிறகுதான் டி முடிந்தது.

ரொட்டேஷன். பரைக் காற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். துணி, கட்டுத்துணி, பஞ்சு, கையுறை எதுவும் அருகில் வேண்டாம். ஒரு நூலிழை பட்டால் போதும், ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும், பிறகு அந்தக் கதீட்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஷீத்தைப் பருக்குச் சற்றுப் பின்னால் மென்மையாகப் பிடியுங்கள். இறுக்கினால் வேகம் பொய்யாகக் குறைந்து காட்டும். மீதி நீளம் மேசையில் அகலமான வளைவாகக் கிடக்கட்டும், சின்ன வளையமாகச் சுருட்ட வேண்டாம்.

கன்சோலின் அழுத்தக் குமிழை முதலில் குறைவாக வைத்துவிட்டு, பெடலை மிதித்து, மெல்ல ஏற்றுங்கள். முந்தைய கேஸில் யாரோ ஏற்றி வைத்த இடத்திலேயே குமிழ் இருந்தால் முதல் மிதியிலேயே வேகம் எகிறும். நிமிடத்துக்கு 1,90,000 சுற்றுகளைத் தாண்டவே கூடாது. இன்றைய வழக்கத்தில் பெரும்பாலும் 1,40,000 முதல் 1,60,000 வரை. 1,35,000 முதல் 1,80,000 வரை ஏற்கப்பட்ட எல்லை. வேகம் கூடக் கூட பிளேட்லெட்டுகள் அதிகம் தூண்டப்படும் என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிந்த பிறகுதான் பலரும் கீழே வந்தார்கள். எந்த எண் வேண்டும் என்பதை ஆபரேட்டர் சொல்ல வேண்டும், நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

எத்தனை நொடி என்றால், எண் நிலைக்கும் வரை. சில நொடிகள் போதும். ஒரு ரன் 30 நொடியைத் தாண்டக் கூடாது, ஒரு பரின் மொத்த ஓட்டம் 5 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் பயன்பாட்டு வரம்பு. வெளியே வீணாக்க அதில் இடம் இல்லை.

பிறகு டைனாகிளைட் முறைக்கு (பரை வெளியே எடுக்கும்போது பயன்படும் குறைந்த வேகம்) மாற்றி ஒருமுறை மிதித்துப் பாருங்கள். 60,000 முதல் 90,000 வரைக்குள் வர வேண்டும். பார்த்த கையோடு அதை அணைத்துவிடுங்கள். டைனாகிளைட் விளக்கு எரிந்தபடியே உள்ளே போனால், வெட்டும் வேகம் என்று நினைத்து மிதித்த முதல் மிதி குறைந்த வேகத்தில் ஓடும், பர் கால்சியத்தில் மாட்டிக்கொள்ள அது வழி.

அட்வான்சர். நடுவில் இருக்கும் குமிழின் பூட்டைத் தளர்த்தி முன்னும் பின்னும் முழு நீளம் நகர்த்துங்கள். குமிழ் நகரும் அளவுக்குப் பர் நகர வேண்டும். இடையில் பிடித்து, பிறகு துள்ளினால் ஃபெயில். முடித்ததும் குமிழைப் பின்கோடியிலிருந்து 1–2 செ.மீ. முன்னால் வைத்துப் பூட்டுங்கள். ஏன் என்பதை கீழே யாராவது எழுதாவிட்டால் நானே எழுதுகிறேன்.

வயர். இதற்குத் தனிப் பதிலே வேண்டும். அவசரத்தில் தொட்டும் தொடாமலும் விடப்படுவது இதுதான்.

---

பதில் | ஒன்பது_தௌ

வயரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

முதலில் வயர் எது என்று பாருங்கள். தண்டு 0.009 அங்குலம், முனையில் உள்ள ஸ்பிரிங் 0.014 அங்குலம். வழக்கமான 0.014 வயர் பரின் துளைக்குள் போகாது. அதேபோல, ரோட்டா வயரின் முனை ஸ்பிரிங்கைத் தாண்டிப் பர் போகாது. சுழலும் பர் அந்த ஸ்பிரிங்கைத் தொட்டால் வயர் முறியக்கூடும். எனவே பரை ஏற்றும் முன் முனை தமனியின் கீழ்ப்பகுதியில் நன்றாகத் தள்ளி நிற்கிறதா என்று ஃப்ளூரோவில் (ஓடும் எக்ஸ்ரே படத்தில்) பார்ப்பதும் டபிள்யூவில் சேர்த்திதான்.

அடுத்து மடிப்பு. 0.009 தண்டு மெலிதானது, மேசையில் வைக்கும்போதே மடங்கிவிடும். பின்முனையிலிருந்து கைடிங் கதீட்டர் (கருவிகள் உள்ளே செல்லும் குழாய்) வரை ஈரக் கட்டுத்துணியால் ஒருமுறை துடையுங்கள், விரலில் மடிப்பு தட்டும். மடிந்த வயரின் மேல் பர் ஓடினால் அந்த இடத்தில் உராய்வு கூடி வயர் தேயும். நிமிர்த்திப் பயன்படுத்தலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மைக்ரோ கதீட்டர் வழியாக வயரை மாற்றுங்கள்.

இப்போது பிரேக். அட்வான்சரின் பின்பகுதியில் இருக்கும் பிரேக், காஸ் ஓடும்போது தானாக வயரைக் கவ்வும். பர் ஒன்றரை லட்சம் வேகத்தில் சுழலும்போது அதன் நடுவே போகும் வயர் சுழலாமல் நிற்பது இந்தக் கவ்வலால்தான். கவ்வல் நழுவினால் வயரும் சேர்ந்து சுழலும், கீழே சின்னத் தமனிக்குள் இருக்கும் ஸ்பிரிங் முனை சாட்டை மாதிரி வீசும். துளை விழலாம், வயர் முறியலாம்.  இது தவறினால் கேடு நேராக நோயாளிக்கு.

"இழுத்தால் வயர் இடம் மாறாதா" என்று கேட்டிருந்தீர்கள். இழுப்பது எப்போது என்பதில்தான் விடை இருக்கிறது. காஸ் ஓடாதபோது பிரேக் திறந்திருக்கும், அப்போது இழுத்தால் வயர் கண்டிப்பாக நகரும், அதனால் எதுவும் தெரியவும் தெரியாது. பெடல் மிதிபடும் அந்த இரண்டு மூன்று நொடிக்குள், அட்வான்சருக்குப் பின்னால் நீட்டியிருக்கும் வயரில் வயர்கிளிப்பைப் (வயரைப் பிடிக்கும் சிறு கிளிப்) பூட்டி, அதைப் பிடித்து மிக மெல்ல ஒரு விசை கொடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிரேக் சரியாக இருந்தால் வயர் அசையாது. அதே நேரத்தில் இன்னொருவர் கைடிங் கதீட்டரின் ஒய் கனெக்டர் (கதீட்டரின் பின்முனை இணைப்பு) அருகே வயரைப் பிடித்திருக்கட்டும். பிரேக் தவறினாலும் அந்தக் கை உள்முனையைக் காப்பாற்றும். பருக்கும் ஒய் கனெக்டருக்கும் இடையில் வயர் நேராக இருக்க வேண்டும், தொங்கல் வேண்டாம்.

வயர் சுழல்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெலிசு. கிளிப் அதைக் காட்டிக்கொடுக்கும். விரலைத் தளர்த்திப் பிடித்தால் கிளிப் திரும்பப் பார்க்கிறதா என்று உணரலாம். திரும்பினால் நிறுத்துங்கள். டெஸ்ட் முடிந்ததும் ஃப்ளூரோவில் முனை பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று ஒரு பார்வை.

பிரேக் நழுவியது போலத் தெரிந்தால் முதலில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: பிரேக்கை விடுவிக்கும் பொத்தான் யாருடைய விரலிலாவது அழுந்தியிருந்ததா? அந்தப் பொத்தானின் வேலை டைனாகிளைட்டில் பரை வெளியே எடுக்கும்போது மட்டும்தான். அப்போதும் வயர்கிளிப்பால் வயரை உறுதியாகப் பிடித்திருந்தால்தான் அதை அழுத்தலாம். பொத்தான் அழுந்தவில்லை, இருந்தும் நழுவுகிறது என்றால் அட்வான்சரை மாற்றுங்கள். இரண்டாவது முறை சோதித்தபோது பிடித்தது என்பதை நம்பி உள்ளே அனுப்பக் கூடாது. ஒருமுறை நழுவிய பிரேக் அடுத்து எப்போது நழுவும் என்று யாராலும் சொல்ல முடியாது.

---

ஸ்க்ரப்மேசை

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வயர்கிளிப்பைப் பற்றி எங்கள் தாளில் ஒரு சொல்கூட இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். டிரிப் என்பது சொட்டாக வர வேண்டுமா, தாரையாக வர வேண்டுமா? பரைச் சலைன் கிண்ணத்துக்குள் முக்கிச் சுழற்றிப் பார்ப்பது சரியா?

---

பதில் | டர்பைன்

பிரஷர் பேக் நன்றாக ஏறியிருந்தால் விட்டுவிட்டு வராமல் சீராக வரும். சொட்டா தாரையா என்பதை விட, அது நிற்காமல் வருகிறதா என்பதே முக்கியம். குமிழை முன்னும் பின்னும் நகர்த்தும்போதும் வர வேண்டும், சுழலும்போதும் வர வேண்டும். சுழலும்போது சொட்டாகத் தெரியாது, சுற்றிலும் சிதறும். கண்ணில் படாமல் முகக் கவசத்தைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிண்ணத்துக்குள் வேண்டாம் என்பது என் தரப்பு. தண்ணீருக்குள் இருக்கும் முனையிலிருந்து சலைன் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? பரின் மேற்பரப்பும் தெரியாது, பர் கிண்ணத்தின் ஓரத்தில் உரசவும் செய்யும். காற்றில் பிடித்தால் மூன்றும் தெரியும்.

சொட்டே வரவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: கிளாம்ப் மூடியிருக்கிறதா, பையில் அழுத்தம் இருக்கிறதா, குழாயில் காற்று அடைத்திருக்கிறதா, அட்வான்சரும் பர் கதீட்டரும் சேரும் இடத்தில் கசிகிறதா, ஷீத் எங்காவது மடிந்திருக்கிறதா. நான்காவதுதான் அடிக்கடி. பர் கதீட்டரைத் தனியாக மாட்டும் மாடலில் முதலில் டிரைவ் ஷாஃப்ட் இணைப்பு, பிறகு ஷீத் இணைப்பு என இரண்டு பூட்டு உண்டு. முதலாவது சரியாக அமராமல் இரண்டாவதை அழுத்திப் பூட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் பூட்டியதும் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஷீத்தில் மடிப்பு என்றால் அந்தக் கதீட்டர் வேண்டாம்.

---

பதில் | பயோமெட்_இரவுப்பணி

சத்தம் வருகிறது, திரையில் பூஜ்யம் என்ற கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை.

அட்வான்சரிலிருந்து கன்சோலுக்கு இரண்டு இணைப்பு வருகிறது. ஒன்று டர்பைனை (பரைச் சுழற்றும் காற்றுச் சக்கரம்) ஓட்டும் காஸ் குழாய். இன்னொன்று ஃபைபர் ஆப்டிக் கேபிள், டர்பைன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஒளி வழியாக எண்ணிச் சொல்வது அதுதான். காஸ் இணைந்து கேபிள் சரியாக அமராவிட்டால் பர் சுழலும், எண் வராது. கேபிளைக் கழற்றி, முனை ஈரமாகவோ அழுக்காகவோ இருக்கிறதா என்று பார்த்து, உலர்த்தி, இறுதி வரை அழுத்தி மாட்டுங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் ஃபெயில். சத்தத்தை வைத்து வேகத்தை ஊகித்துக்கொண்டு உள்ளே போவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கது அல்ல. உள்ளே பர் திணறுகிறதா என்று ஆபரேட்டருக்குச் சொல்வதே அந்த எண்தான். 5,000-க்கு மேல் வேகம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை ஒழுங்கு. எண் இல்லாவிட்டால் அந்த ஒழுங்கே போயிற்று.

இதற்கு எதிர்ப்பக்கம்: எண்ணும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் கன்சோலுக்கு மின்சாரம், சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர், பெடலின் குழாய் இணைப்பு என்று பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பெடல் குழாயின் மேல் மானிட்டர் வண்டியின் சக்கரம் ஏறி நிற்பது சாதாரணமாக நடக்கும்.

சுழல்கிறது, ஆனால் நினைத்த வேகத்துக்கு ஏறவில்லை என்றால், குமிழை மேலும் மேலும் ஏற்றிச் சரிக்கட்டாதீர்கள். உராய்வு எங்கோ இருக்கிறது என்று பொருள். ஷீத் இறுக்கமாகச் சுருண்டிருக்கலாம், சலைன் போதாமல் இருக்கலாம், வயரில் உலர்ந்த ரத்தமோ மடிப்போ இருக்கலாம், வெளிப்பக்க காஸ் அழுத்தம் 90-க்குக் கீழே இருக்கலாம். காரணத்தைக் களையாமல் அழுத்தத்தை ஏற்றி எண்ணை வரவழைத்தால், அதே உராய்வு உள்ளேயும் கூட வரும்.

புதிய மாடலான ரோட்டாப்ரோவில் கால் பெடல் கிடையாது. சுழற்சியும் டைனாகிளைட்டும் அட்வான்சரிலேயே பொத்தான்களாக வந்துவிட்டன, திரையும் டிஜிட்டல். டிரா டெஸ்ட் மாறவில்லை. ஆனால் மிதிக்க இன்னொருவர் தேவைப்பட்ட காலத்தில் "இப்போது மிதிக்கிறேன்" என்று ஒரு குரல் தானாக வந்தது. இப்போது பிடித்திருப்பவரே அழுத்திவிடலாம் என்பதால் அந்தக் குரல் காணாமல் போகிறது. "சுழற்றுகிறேன்" என்று உரக்கச் சொல்வதைச் செக்லிஸ்ட்டில் எழுதியே வையுங்கள். வயரைப் பிடித்திருக்கும் கைக்கு அது தெரிய வேண்டும்.

---

பதில் | ஒன்பது_தௌ

மேலே டர்பைன் விட்டுவைத்த ஏ-வுக்கு, அதாவது அட்வான்சருக்கு வருகிறேன். குமிழ் ஏன் 1–2 செ.மீ. முன்னால்?

பரைக் கைடிங் கதீட்டர் வழியாகத் தள்ளிக்கொண்டு போகும்போது வளைவுகளில் டிரைவ் ஷாஃப்ட் அமுங்குகிறது, அழுத்திப் பிடித்த ஸ்பிரிங் போல. அந்த அமுக்கத்தோடு சுழலத் தொடங்கினால் உராய்வு திடீரென்று குறைந்து பர் முன்னால் பாயும், அடைப்புக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். பரின் முன்பாதியில் மட்டும்தான் 20–30 மைக்ரான் வைரத் துகள்கள் உண்டு, பின்பாதி வழவழப்பு. முன்னால் வெட்டிக்கொண்டு போகும், பின்னால் வெட்டிக்கொண்டு வராது. அடைப்பைத் தாண்டிக் குதித்த பர் திரும்ப முடியாமல் சிக்குவது இப்படித்தான்.

அதைத் தவிர்க்க, அடைப்புக்கு முன்னால் நின்று, பூட்டைத் தளர்த்தி, குமிழைச் சற்றுப் பின்னால் இழுத்து அமுக்கத்தை விடுவிக்கிறார்கள். குமிழ் ஏற்கெனவே பின்கோடியில் இருந்தால் இழுக்க இடமே இருக்காது. அந்த 1–2 செ.மீ. இதற்காக ஒதுக்கி வைத்த இடம். ஸ்க்ரப்பில் இருப்பவர் வெளியே செய்யும் ஒரு சின்னப் பூட்டு, பத்து நிமிடம் கழித்து உள்ளே ஒரு விபத்தைத் தடுக்கிறது. செக்லிஸ்ட்டில் "அட்வான்சர் நகர்கிறது" என்பதோடு நிறுத்தாமல் "1–2 செ.மீ. முன்னால் பூட்டியாயிற்று" என்றும் எழுதுங்கள்.

வெளியே வைத்த வேகம் உள்ளே அப்படியே இருக்காது. கதீட்டரின் வளைவுகளில் உராய்ந்து கொஞ்சம் குறையும். அடைப்புக்குச் சற்று முன்னால், எதையும் தொடாத இடத்தில் மறுபடி சுழற்றி வேகத்தைச் சரிசெய்து, அதையே அடிப்படை எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு விழுவதுதான் கணக்கு. வெளியே எடுத்த எண்ணைக் குறித்து வைப்பதும் வீண் அல்ல. உள்ளே போனதும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஷீத் எங்கோ நெரிபடுகிறது என்று அதுவே சொல்லும். சத்தமும் அப்படித்தான். பாரம் இல்லாத பரின் ரீங்காரத்தை வெளியே ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டால், உள்ளே சுருதி இறங்கும்போது திரையைப் பார்க்கும் முன்பே தெரியும்.

---

பதில் | கிரௌன்80

இடையில் ஒரு எச்சரிக்கை. ஆர்பிட்டல் அதெரெக்டமி (இதே வேலைக்கான வேறொரு கருவி) வைத்திருக்கும் இடங்களில் இதே தாளை அதற்கும் பயன்படுத்திவிட வேண்டாம். அது மின்மோட்டாரில் ஓடுகிறது, காஸ் கிடையாது. கரோனரி கிரௌன் (அதன் வெட்டும் தலை) 1.25 மி.மீ. ஒரே அளவு, வேகம் 80,000 அல்லது 1,20,000. வயரும் வேறு. சலைனை பம்ப் தள்ளுகிறது. கிரௌன் நடு அச்சிலிருந்து விலகி அமைந்திருப்பதால் காற்றில் சுழலும்போது ஆடுவது போலத் தெரியும், அது இயல்பு. ரோட்டாப்ளேட்டர் பர் அப்படி ஆடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, ஃபெயில். இரண்டு கருவிக்கும் பழகிய கண் இந்த ஓர் இடத்தில் ஏமாறும். தனித் தாள், வேறு நிறத்தில்.

---

ஸ்க்ரப்மேசை

தனித் தாளாகவே எழுதுகிறேன். பர் மாற்றினால் என்ன என்பது மட்டும் பாக்கி.

---

பதில் | டர்பைன்

நான்கையும் மறுபடி. சுருக்கம் எதுவும் கிடையாது.

அட்வான்சர் அதேதான், கதீட்டர் மட்டும் புதிது என்றாலும் கழற்றி மாட்டியதால் இரண்டு பூட்டும் புதிது, ஷீத் புதிது, உள்ளே காற்று புகுந்திருக்கும். எனவே டி கட்டாயம். பர் அளவு மாறினால் ஆபரேட்டர் கேட்கும் வேகமும் மாறலாம், எனவே ஆர். புது ஷாஃப்ட் நகர்வதைப் பார்க்க ஏ. வயர் பழையது என்பதாலேயே டபிள்யூவில் இன்னும் கவனம் வேண்டும். ஏற்கெனவே ஒரு பர் அதன் மேல் ஓடியிருக்கிறது, ரத்தம் உலர்ந்திருக்கிறது, வெளியே எடுக்கும்போது மடிந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஈரக் கட்டுத்துணியால் முழுதும் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பரை ஏற்ற வேண்டும்.

அதே பரை வெளியே எடுத்து மறுபடி உள்ளே அனுப்பும்போதும் இதே விதி. வெளியே வந்ததும் பரின் முகத்தைப் பாருங்கள். ஷாஃப்ட் சுருளில் இடைவெளி விட்டிருந்தாலோ, நார் சுற்றியிருந்தாலோ, வைரப் பகுதியில் வழவழப்பான திட்டு தெரிந்தாலோ அது மேசையிலேயே நிற்கட்டும். இதுவரை எத்தனை நொடி ஓடியது என்ற கூட்டுத்தொகையையும் பாருங்கள். 5 நிமிடத்தை நெருங்கியிருந்தால் டெஸ்ட் செய்யவே தேவையில்லை, புதியது எடுங்கள். அந்தக் கணக்கை ஒருவர் ஒவ்வொரு ரன்னுக்கும் எழுதிக்கொண்டே வர வேண்டும், வெளியே டெஸ்ட்டில் ஓடிய நொடிகளையும் சேர்த்து.

கைடிங் கதீட்டரின் உள்விட்டத்தையும் அப்போதே பாருங்கள், டிரா டெஸ்ட் அதைச் சொல்லாது. 1.25, 1.5 இரண்டும் 6 ஃப்ரெஞ்சு அளவுக் கதீட்டரில் போகும். 1.75-உம் அதற்கு மேலும் என்றால் கதீட்டர் உறையில் அச்சிட்ட உள்விட்டத்தைப் படித்துவிட்டுத்தான் பரின் உறையைக் கிழிக்க வேண்டும்.

---

பதில் | பயோமெட்_இரவுப்பணி

ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கேஸ் முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, பெடலை மிதித்துக் குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றி, கன்சோலின் குமிழைக் குறைவுக்குத் திருப்பி வையுங்கள். சிலிண்டர் கேஜ் 500-க்குக் கீழே இருந்தால் அப்போதே மாற்றி எழுதி ஒட்டுங்கள். அடுத்த கேஸ் நள்ளிரவில் வந்தால் வருபவர் முதலில் பார்ப்பது அந்தக் கேஜைத்தான்.